மலைக்கோட்டை அடிவாரமும் ஒரு பழைய கடலும்

உறையூர்லேருந்து மலைக்கோட்டைக்குப் போறவங்க நேரா உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறிடுவாங்க. மேலே நின்னா வடக்கே காவிரி, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், மேற்கே சோழர்களோட பழைய தலைநகரான உறையூர். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டினப்போ துணிக்குச் சாயம் ஏத்துற செங்கல் தொட்டிகூட கிடைச்சுது.

இறங்கும்போது அடிவாரத்துல ராணி மங்கம்மாள் மகாலுக்குள்ளயும் போங்க. அதுதான் அரசு அருங்காட்சியகம். சிலைகளைப் பார்த்துட்டுக் கிளம்பிடாதீங்க. விலங்கியல், நிலவியல் சேகரிப்பும் இருக்கு. திருச்சியோட நிஜமான பழைய வரலாறு கல்லுலதான் இருக்குன்னு சொல்வேன்.

டைனோசர் காலத்துல அரியலூர் பக்கம் கடல். அந்தப் பாறைகளை 1862-ல் பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்னு மூணு தொகுதியா பிரிச்சார். அங்கே கிடைச்ச அம்மோனைட்டுகளை (சுருள் ஓடு கொண்ட கடல் உயிரினம்) ஸ்டோலிச்கா விவரிச்சு எழுதினார். நம்ம ஊர்ப் பேர் உலக நிலவியல் புத்தகங்கள்ல ஏறினது இப்படித்தான்.

அதே கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்னிக்கு அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டுறாங்க. கல்லோட சேர்ந்து புதைபடிவமும் அரைபடுது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல மட்டும், 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட 18 மீட்டர் நீளக் கல்மரம் பூங்காவுக்குள்ள பத்திரமா கிடக்கு.