ட்ராக்ல பறக்க ஆசையா? முதல்ல பிரேக்கைக் கவனிங்க பாஸ்!

கார் வாங்கின சில மாசத்துலயே ‘ரீமேப் பண்ணலாமா, எக்ஸாஸ்ட் மாத்தலாமா’ன்னு யூடியூபைத் தோண்டுற ஆளா நீங்க? கொஞ்சம் பொறுங்க. ட்ராக்ல ஒரு காரோட முதல் பலவீனம் பெரும்பாலும் இன்ஜின் இல்லை, பிரேக்தான்.

நம்ம ஊர்லயே ட்ராக் இருக்கு. சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையில சுமார் 3.7 கி.மீ நீளமுள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். கோவை செட்டிப்பாளையத்துல 2.1 கி.மீ நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. ‘ட்ராக் டே’ நடக்கிற நாள்ல கட்டணம் கட்டி சொந்தக் காரையே ஓட்டலாம். ஆனா, சாயங்காலம் அதே கார்லதான் வீட்டுக்கும் வரணும். காரைத் தயார் பண்றப்போ இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கணும்.

உதாரணத்துக்கு, 2022-ல் இந்தியாவில் விற்பனை நின்னுபோன ஃபோக்ஸ்வாகன் போலோவை எடுத்துப்போம். 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 110 பி.எஸ் பவர். பழைய கார் மார்க்கெட்ல இளைஞர்கள் தேடித்தேடி வாங்குற வண்டி. ட்ராக்ல ஆரம்பிக்கிறவங்களுக்கு இந்த பவரே தாராளம்.

பிரேக் ஆயில்: சின்ன செலவு, பெரிய காப்பு

வேகம் கூடக்கூட பிரேக் உறிஞ்சவேண்டிய ஆற்றல், வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 100 கி.மீ வேகத்துல நிறுத்துறதைவிட, 140-ல நிறுத்த கிட்டத்தட்ட இரு மடங்கு ஆற்றலை வெப்பமா மாத்தணும். இதை ஒவ்வொரு லேப்லயும் பலமுறை செஞ்சா, பிரேக் ஆயில் கொதிச்சு ஆவிக்குமிழ் உருவாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிக்காது.

இந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 4 தரத்துல புது ஆயிலோட கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் இருக்கணும். ஈரம் ஏறினதுக்கு அப்புறம் அந்த வரம்பு 155 டிகிரிதான். அதனால, ட்ராக்குக்குப் போறதுக்கு முன்னாடி புது ஆயில் மாத்திடுங்க.

பேடும் முக்கியம். முழு ரேஸ் பேடுகள் சூடானாதான் நல்லா பிடிக்கும். காலையில ஆபீஸுக்குக் கிளம்பும்போது முதல் சிக்னல்ல அது ஆபத்து. ரோடு, ட்ராக் ரெண்டுக்கும் பொருந்துற பேடா கேட்டு வாங்குங்க.

டயர்: காத்தை மறக்காதீங்க

டயரோட பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 2319-ன்னு இருந்தா, 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். பழசாகி இறுகிப்போன டயரோட ட்ராக்ல இறங்காதீங்க.

ஓட்ட ஓட்ட டயர் சூடாகி உள்ளே காத்தழுத்தம் ஏறும். அதனால ஒவ்வொரு சுற்று முடிஞ்சதும் அளந்து, தேவைன்னா கொஞ்சம் இறக்குவாங்க. அப்படி இறக்கினீங்கன்னா, டயர் ஆறினதும் கார் ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவுக்குத் திரும்ப ஏத்திட்டுதான் ஹைவேயில ஏறணும். பலர் மறக்கிறது இதைத்தான்.

ட்ராக் டே அன்னிக்கு

* இன்ஜின் ஆயில், கூலன்ட் அளவைப் பாருங்க. ஆயில் குறைவா இருந்தா, நீளமான வளைவுல பம்புக்கு ஆயில் கிடைக்காம போகலாம்.
* வீல் போல்ட்டை டார்க் ரென்ச் வெச்சு, கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்க.
* தண்ணி பாட்டில், ஜாக்கி எல்லாத்தையும் எடுத்துடுங்க. உருண்டு பெடலுக்கு அடியில போனா விபரீதம்.
* கடைசி லேப்பை மெதுவா, பிரேக் அதிகம் தொடாம ஓட்டி காரை ஆறவிடுங்க. நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக் போடாதீங்க. சூடான பேட் டிஸ்கை அழுத்திட்டு நிக்கும். கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைங்க.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா ஆர்.சி விவரம் மாறுற அளவுக்கு வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு சொல்லுது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதிசெஞ்சிருக்கு. மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ கிடைக்கலாம். பொதுச்சாலையில ரேஸ் விட்டாலும் சிறை, அபராதம் உண்டு.

இன்னொண்ணு, வழக்கமான கார் இன்ஷூரன்ஸ் ரேஸையும் வேகச் சோதனையையும் கணக்கில் எடுத்துக்காது. பாலிசியை ஒருமுறை படிச்சுப் பாருங்க. ட்ராக்ல கார் அடிபட்டா செலவு முழுக்க உங்க தலையிலதான் விழும்.

அப்போ ரீமேப்? சில ட்ராக் டே போயிட்டு வாங்க, ஒரு பயிற்சியாளரைப் பக்கத்துல உட்காரவெச்சு ஓட்டுங்க. பிரேக் எங்கே பிடிக்கணும், வளைவுல எங்கே திருப்பணும்னு பிடிபட்டாலே லேப் டைம் குறையும். அதுக்கு ஆர்.டி.ஓ அனுமதியும் தேவையில்லை!