காலியிடமும் கோபுரமும்

கேலிக் கால்பந்து வரலாறு — 4

சென்ற மூன்று இதழ்களில், 1884-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தர்லஸ் நகரத்து ஹேயஸ் ஹோட்டலில் கூடிய சிறு கூட்டமொன்றிலிருந்து கேலிக் விளையாட்டுச் சங்கம் பிறந்ததையும், அது அயர்லாந்தின் 32 மாவட்டங்களிலும் கிராமந்தோறும் வேரோடியதையும், 1928 முதல் சாம் மகுவையர் கோப்பை என்னும் வெள்ளிக் கலசம் அகில அயர்லாந்து இறுதிப் போட்டியின் பரிசாக நிலைபெற்றதையும் கண்டோம். ஆட்டக்காரர்களின் கால் வலிமையைப் பற்றியே இதுவரை பேசிவந்த நாம், இவ்வாரம் மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு மனிதருடைய புத்தியின் வலிமையைப் பற்றிப் பேசப் புகுகிறோம். அந்த மனிதருக்கு மானேஜர் என்று பெயர்.

ஐரோப்பாவின் பெரிய கால்பந்துக் கழகங்களின் மானேஜருக்கும் இவருக்கும் ஒரு பெரும் பேதம் உண்டு. அங்கே நல்ல தாக்குதல் ஆட்டக்காரன் இல்லையென்றால் பொருள் கொடுத்து வேறொருவனைக் கொண்டுவரலாம். கேலிக் கால்பந்திலோ ஆட்டக்காரனுக்குச் சம்பளமும் இல்லை, விலையும் இல்லை. பிறந்து வளர்ந்த மாவட்டத்துக்காகவே பெரும்பாலும் ஒருவன் ஆடுகிறான். பகலெல்லாம் பள்ளியிலோ பண்ணையிலோ காரியாலயத்திலோ உழைத்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு வருகிறான். ஆகவே, தன் மண் தனக்கு அளித்த மனிதர்களைக் கொண்டே மானேஜர் தம் யுக்தியை வகுத்தாக வேண்டும். இந்த ஒரே நிர்ப்பந்தத்திலிருந்துதான் இந்த ஆட்டத்தின் சிந்தனை வளம் முழுவதும் பிறந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

வாசகர்கள் மைதானத்தை மனத்தில் காண்பதற்காகச் சில விதிகளை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன். ஒரு பக்கத்துக்கு 15 பேர்: கோல் காப்பாளர் ஒருவர், அவருக்கு முன்னால் மூவர் மூவராக இரண்டு காப்பு வரிசைகள், நடுக்களத்தில் இருவர், அதற்கப்பால் மூவர் மூவராக இரண்டு தாக்குதல் வரிசைகள். பந்தைக் கையால் பிடிக்கலாம். நான்கு காலடிக்கு மேல் ஏந்திச் செல்லவேண்டுமானால் தரையில் ஒருமுறை தட்டவோ, பாதத்தால் எற்றித் தானே பிடிக்கவோ வேண்டும். இங்கே பேசப்படும் காலத்து விதிப்படி, குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து சென்றால் 1 புள்ளி. கீழே வலைக்குள் புகுந்தால் அது கோல், அதற்கு மதிப்பு 3 புள்ளி. 2-12 என்று எழுதினால் இரண்டு கோலும் பன்னிரண்டு புள்ளியும் சேர்ந்து 18 என்று கொள்ளவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இந்தப் பதினைந்து இடங்களும் ஏறக்குறைய அசையாத ஆசனங்களாகவே கருதப்பட்டன. அந்தச் சம்பிரதாயத்தின் மகா பண்டிதர் கெர்ரி மாவட்டத்தின் டாக்டர் ஈமன் ஓசுல்லிவன். கில்லார்னி மனநோய் மருத்துவமனையின் வைத்தியரான இவர், 1924 முதல் 1962 வரை பல்வேறு ஆண்டுகளில் கெர்ரி அணியைப் பயிற்றுவித்து 8 அகில அயர்லாந்துப் பட்டங்களுக்கு வழிகாட்டியவர். தம் கொள்கையை 1958-இல் ஒரு நூலாகவும் எழுதி வெளியிட்டவர். ஒவ்வொருவனும் தனக்குரிய எல்லையை விட்டு அலையாமல், அந்த எல்லைக்குள் வரும் பந்தை உயரத் துள்ளிப் பிடித்து, நெடுந்தூரம் உதைக்கவேண்டும் என்பதே அவருடைய உபதேசம். பிடிப்பதும் உதைப்பதும் என்னும் அந்த முறையில் ஓர் அழகும் கண்ணியமும் இருந்தன. கெர்ரி மக்கள் அதைத் தங்கள் பிதுரார்ஜிதமாகவே போற்றினர்.

இந்தக் கோட்டையை அசைத்துப் பார்க்க முற்பட்டவர் டப்ளின் நகரத்து இளைஞர் கெவின் ஹெஃபர்னன். அவருடைய செயின்ட் வின்சென்ட்ஸ் கழகத்தவர்களே அக்காலத்து டப்ளின் அணியில் மிகுதியாக இருந்தனர். கோல் முகப்பில் நின்று பந்துக்காகக் காத்திருக்க வேண்டிய முழு முன்னணி ஆட்டக்காரரான ஹெஃபர்னன், அந்த இடத்தில் நிற்க மறுத்தார். இடப்புறமும் வலப்புறமும் ஓடினார், நடுக்களம் வரை பின்வாங்கினார். அவரைக் காவல் காக்கவேண்டிய எதிரணி வீரன், கோலைக் காப்பதா, ஹெஃபர்னனைத் தொடர்வதா என்று தர்மசங்கடத்தில் அகப்பட்டான். தொடர்ந்தால் கோல் முகப்பு வெறிச்சோடிவிடும்; தொடராவிட்டால் ஹெஃபர்னன் தடையின்றி உலவுவார். 1955-ஆம் ஆண்டு லின்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டியில், முந்திய ஆண்டின் அகில அயர்லாந்து வெற்றி வீரர்களான மீத் அணியின் புகழ்பெற்ற காவலர் பேடி ஓப்ரையன் இந்தப் பொறியில் சிக்கினார். டப்ளின் 5-12 என்றும் மீத் 0-7 என்றும் முடிந்த அந்த ஆட்டம், ஒரு காலியிடமே ஆயுதமாகக்கூடும் என்பதைப் பிரத்தியட்சமாக நிரூபித்தது.

அவ்வாண்டின் அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் டாக்டர் ஓசுல்லிவனின் கெர்ரியும் டப்ளினும் மோதின. டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில் 87,000-க்கும் மேற்பட்ட ஜனங்கள் கூடினர். நகரம் ஒரு பக்கம், கிராமம் ஒரு பக்கம்; புதிய யுக்தி ஒரு பக்கம், பழைய சம்பிரதாயம் ஒரு பக்கம் என்று நாடே இரண்டுபட்டு நின்றது. கெர்ரியின் காவலர் நெட் ரோச் நிலைகுலையவில்லை. அவருடைய தோழர்கள் வானத்திலிருந்து பந்தைப் பறித்துத் தங்கள் பாட்டனார் காலத்து ஆட்டத்தையே ஆடினர். 0-12-க்கு 1-6 என்ற கணக்கில், 3 புள்ளி வித்தியாசத்தில் கெர்ரி வென்றது. 1958-இல் தலைவராக நின்று டெரியை வீழ்த்திக் கோப்பையைக் கையில் ஏந்திய பிறகும்கூட, அந்தத் தோல்வியின் வடு ஹெஃபர்னனின் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1973-இன் பிற்பகுதியில், தாழ்ந்த நிலையிலிருந்த டப்ளின் அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அதுவரை அணியைத் தேர்ந்தெடுப்பது பெரிய குழுக்களின் காரியமாக இருந்தது. கழகத்துக்கொரு பிரதிநிதி, பிரதிநிதிக்கொரு விருப்பம் என்று சிந்தனை சிதறிப்போகும் ஏற்பாடு அது. இப்போதோ ஹெஃபர்னனும் அவருக்குத் துணையாக இருவருமே முடிவு செய்வதென்று ஏற்பாடாயிற்று. இன்று நாம் மானேஜர் என்று அழைக்கும் ஸ்தானம் உண்மையில் அந்த நிர்வாக மாறுதலில்தான் உருப்பெற்றது. தனி உதை வல்லுநரான ஜிம்மி கீவனியை, அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட பிறகு, திரும்ப அழைத்துவந்தார் ஹெஃபர்னன். டோனி ஹனஹோவை நடு முன்னணியில் நிறுத்தி, அந்த இடத்தில் நிற்காமல் விலகி ஓடும்படி பணித்தார். காவலன் அவரைத் தொடர்ந்து விலகினால், நடுவே திறந்த பாதையில் மற்றவர்கள் பாய்வார்கள். 1955-இல் தாமே கோல் முகப்பில் செய்து பார்த்ததை இப்போது ஒரு முழு அணியின் இயக்கமாக அவர் விரித்துவிட்டார். 1974-இல், எவரும் பொருட்படுத்தாதிருந்த டப்ளின், கால்வேயை 0-14-க்கு 1-6 என்று வென்று கோப்பையைப் பெற்றது.

விதியின் ஏற்பாடு போல, அடுத்த ஆண்டே கெர்ரியில் அவருக்கு ஈடான எதிரி தோன்றினார். அட்லாண்டிக் கரையோரத்து வாட்டர்வில் ஊரில் கராஜும் ஹோட்டலும் நடத்திவந்த மிக் ஓட்வயர், கெர்ரிக்காக ஆடி 4 பட்டங்கள் பெற்றவர். இருபது வயதை ஒட்டிய இளைஞர் கூட்டமொன்றை அவர் கில்லார்னி மைதானத்தில் இரவுக்கு இரவு ஓடவைத்தார். வேலியிலிருந்து வேலிவரை மைதானத்தின் குறுக்கே மீண்டும் மீண்டும் பாயச்செய்தார். டப்ளின் திறந்துவிடும் வெளிகளை அவர்களுக்கு முன்பே ஓடிச்சென்று அடைக்கும் கால்கள் தமக்கு வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். 1975 இறுதிப் போட்டியில் அந்த இளைஞர்கள் டப்ளினை 2-12-க்கு 0-11 என்று வீழ்த்தினர்.

ஹெஃபர்னன் இதற்கும் மறுமொழி கண்டார். அரைக்காப்பு வரிசையில் டாமி டிரம், கெவின் மொரான், பேட் ஓநீல் ஆகிய மூவரைப் புதிதாக நிறுத்தினார். 1976 இறுதிப் போட்டியின் தொடக்கத்திலேயே, காக்கவேண்டிய மொரான் பந்துடன் நடுக்களத்தைப் பிளந்துகொண்டு கெர்ரியின் கோலை நோக்கி ஓடியதும், அவர் அடித்த பந்து கம்பத்தை ஒட்டி வெளியே சென்றதும் இன்றளவும் பேசப்படுகின்றன. புள்ளி கிடைக்கவில்லை, ஆயினும், தாக்குதல் எந்த இடத்திலிருந்தும் எழலாம் என்ற சேதி கெர்ரிக்குக் கிடைத்துவிட்டது. 3-8-க்கு 0-10 என்று டப்ளின் வென்றது. 21 ஆண்டுக் காத்திருப்பு அன்று ஈடேறியது. அத்துடன் ஹெஃபர்னன் பொறுப்பிலிருந்து விலக, ஆட்டக்காரராகவும் மானேஜராகவும் ஒருங்கே நின்று ஹனஹோ 1977-இல் மீண்டும் பட்டம் வென்றார்.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் டப்ளினிடம் தோற்ற ஓட்வயர், வேகத்தை மட்டும் நம்பினால் போதாது என்று உணர்ந்தார். வட கெர்ரியில் ஓவன் லிஸ்டன் என்ற ஓர் இருபது வயது இளைஞன் இருந்தான்; நெடிய உருவம், அகன்ற தோள், சிறிது மிகுதியான எடை. அவனை வாட்டர்வில்லுக்கே வரவழைத்து, தம்முடன் ஓடவைத்து, உடலைச் செதுக்கினார் ஓட்வயர். பிறகு அவனைக் கோல் முகப்பில் ஒரு கோபுரமாக நிறுத்தினார். 1955-இல் ஹெஃபர்னன் எந்த இடத்தைக் காலியாக்கி வென்றாரோ, அதே இடத்தை நிரப்பி வெல்லத் துணிந்தார் இவர். உயர வரும் பந்தை லிஸ்டன் பிடிப்பான். பிடித்த மாத்திரத்தில், பக்கவாட்டில் பாய்ந்துவரும் தோழர்களுக்குக் கையால் தட்டிக்கொடுப்பான். கெர்ரியின் பழைய ‘பிடித்து உதைக்கும்’ வித்தையும் டப்ளின் கற்பித்த ஓட்டமும் அந்த இளைஞனின் இரு கரங்களில் சங்கமமாயின.

1978 இறுதிப் போட்டியின் முதற்பகுதியில் டப்ளினே முன்னணியில் இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன்பு, டப்ளினின் கோல் காப்பாளர் பேடி கல்லன் தவறு செய்ததாக நடுவர் தீர்ப்பளித்தார். அது நியாயமன்று என்று முறையிட்டபடி கல்லன் கோலை விட்டு வெளியே நின்றுகொண்டிருந்தார். கெர்ரியின் மைக்கி ஷீஹி பந்தைத் தரையில் வைத்தார். கணமும் தாமதியாமல், காலின் நுனியால் மென்மையாக உயர்த்திவிட்டார். அபாயத்தை உணர்ந்த கல்லன் பின்னோக்கி ஓடுகிறார். பந்தோ அவர் தலைக்கு மேலே வளைந்து சென்று வலையில் விழுகிறது. பிற்பகுதியில் லிஸ்டன் மட்டும் 3 கோல் அடித்தார். 5-11-க்கு 0-9: 17 புள்ளி வித்தியாசம். ஹெஃபர்னன் மீண்டும் பொறுப்பேற்ற டப்ளினை 1979-இலும், தொடர்ந்து ராஸ்காமனையும் ஆஃபலியையும் வென்று, கெர்ரி நான்கு ஆண்டுகள் இடைவிடாது பட்டம் சூடியது.

ஐந்தாவது பட்டத்தைத் தடுத்தவர் யூஜின் மக்கீ என்னும் பத்திரிகையாளர். சிறிய ஆஃபலி மாவட்டத்தின் மானேஜரான அவர், 1980-இல் அரையிறுதியிலும் 1981-இல் இறுதியிலும் கெர்ரியிடம் தோற்று, ஒவ்வொரு தோல்வியையும் ஒரு பாடமாகப் படித்தவர். 1982 இறுதிப் போட்டியில், மழையில், ஆட்டம் முடிய ஏறத்தாழ இரண்டே நிமிடங்கள் இருக்கையில் கெர்ரி 2 புள்ளி முன்னால் இருந்தது. ஆஃபலியின் மாற்றாட்டக்காரராக இறக்கப்பட்ட ஷேமஸ் டார்பி கோலருகே நின்றார். பின்களத்திலிருந்து உயர உதைக்கப்பட்டு வந்த நெடும்பந்தைக் காவலருக்குப் பின்னால் பற்றி, ஓங்கி வலைக்குள் அடித்தார். 1-15-க்கு 0-17. ஒரே புள்ளியில் ஆஃபலி வென்றது. அடுத்த ஆண்டு ஹெஃபர்னனின் டப்ளின் கால்வேயை வென்று மீண்டும் பட்டம் பெற்றது. ஓட்வயரோ மனம் தளராமல் 1984, 1985, 1986 என்று மேலும் மூன்று பட்டங்கள் பெற்று, மானேஜராகத் தம் கணக்கை 8 ஆக்கி, டாக்டர் ஓசுல்லிவனுக்குச் சமமாக நின்றார்.

இந்தச் சரித்திரத்தைப் படிப்பவர்கள், எந்த யுக்தி சிறந்தது என்று கேட்பது இயல்பு. ஓடும் ஹனஹோ கிடைத்தபோது வெளியைத் திறப்பது சிறந்ததாயிற்று. லிஸ்டன் கிடைத்தபோது அதே வெளியை நிரப்புவது சிறந்ததாயிற்று. உறுதி குலையாத டார்பி கிடைத்தபோது ஒரே ஒரு நெடும்பந்து போதுமானதாயிற்று. வியூகத்தை முதலில் தீர்மானித்துவிட்டு மனிதர்களை அதற்குள் திணித்தவர்கள் அல்லர் இந்த மூன்று மானேஜர்களும். தம் மண்ணின் பிள்ளைகளை உற்றுநோக்கி, அவர்களிடம் உறங்கிக்கிடந்த ஆற்றலை அறிந்து, அதற்கேற்ற வியூகத்தைக் கண்டவர்கள். பணத்தால் ஆளை மாற்ற முடியாத ஓர் ஆட்டம், இருக்கும் ஆளை அறியும் விவேகத்தை இவ்வளவு உயரத்துக்கு வளர்த்தது என்பதே இந்தப் பத்தாண்டுப் போட்டி நமக்குத் தரும் செல்வம்.

இந்த விவேகம் வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தை அடைந்தபோது வேறொரு வடிவம் கொண்டது. டைரோனின் மிக்கி ஹார்ட் 2003-இல் கெர்ரியை 6 புள்ளிகளுக்குள் அடக்கிய கதையையும், டொனிகாலின் ஜிம் மகின்னஸ் ஏறக்குறைய அணி முழுவதையும் தன் கோலுக்கு முன் திரட்டி 2012-இல் பட்டம் வென்ற கதையையும், அதனால் எழுந்த கண்டனங்களையும் அடுத்த இதழில் ஆராய்வோம்.

(தொடரும்)