எந்த ஊர், எந்தத் தெரு?

ஓட்டல்களின் சரித்திரத்தை எழுதப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். "சாப்பிட்டதற்கெல்லாம் கணக்கு எழுதப் போகிறீர்களாக்கும்!" என்றாள் மனைவி. கணக்கு எழுதுவதென்றால் எனக்கு ஆயுசு போதாது. கல்யாணம் ஆகிறவரைக்கும் எட்டு வருஷம் ஓட்டல் சோற்றில் வளர்ந்த உடம்பு இது.

விஷயத்தைக் கிளப்பிவிட்டவன் என் தங்கை பிள்ளை. போன மாதம் வந்திருந்தபோது, "மாமா, எந்த ஊருக்குப் போனாலும் ஒரே போர்டு, ஒரே மேஜை, ஒரே சாம்பார். அந்தக் காலத்து மெஸ்ஸெல்லாம் போய்விட்டதே, உங்களுக்கு வருத்தமாயில்லையா?" என்று கேட்டான். "வருத்தம்தான்" என்று தலையை ஆட்டிவிட்டேன். வயசானவனிடம் வேறு என்ன பதிலை எதிர்பார்ப்பார்கள்? அவன் போன பிறகுதான், நான் பாதிப் பொய் சொல்லிவிட்டேனோ என்ற சந்தேகம் வந்தது.

நம் பக்கத்தில் சோற்றை விலைக்கு விற்பது ஒரு காலத்தில் கௌரவமான தொழிலாக இருக்கவில்லை. வழிப்போக்கனுக்குச் சத்திரம் உண்டு. உறவுக்காரன் திண்ணை உண்டு. ரெயிலும் கச்சேரியும் காலேஜும் வந்து, ஊரை விட்டு ஊர் போய்ப் பிழைக்கிற கூட்டம் பெருகியபோது, காசு கொடுத்தால் இலை போடுகிற இடம் தேவைப்பட்டது. காபி கிளப்புகள் பிறந்தன. அவற்றில் பலவற்றைப் பிராமணர்கள் நடத்தினார்கள். அவர்கள் சமைத்தால் யாரும் சாப்பிடலாம் என்ற எண்ணம் வியாபாரத்துக்குச் சௌகரியமாக இருந்தது. யாரும் வாங்கலாமே தவிர, யாரும் எங்கேயும் உட்கார்ந்துவிட முடியாது. உள்ளே ஓர் அறை, வெளியே ஓர் இடம். சிலருக்கு அந்த வெளியிடமும் கிடையாது. ரெயில்வே சிற்றுண்டிச்சாலைகளில்கூடப் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் கிளர்ச்சி செய்த பிறகு 1941-ல்தான் அது ஒழிந்தது. 1950-ல் அமுலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் ஜாதியைச் சொல்லி ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. ஒரு தேசத்தின் அடிப்படைச் சட்டத்தில் இட்லிக் கடையைப் பற்றி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த வாசற்படி எவ்வளவு உயரமாக இருந்திருக்க வேண்டும்! அதற்கப்புறமும் 1957-ல், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் நாள் தவறாமல் போய்க் கைதானார்கள். மாதக்கணக்கில் அது நடந்தது. கடைசியில் சொல் போயிற்று.

இதற்கிடையில் உடுப்பிக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் பெரியவர் கே. கிருஷ்ணராவ். தென்கன்னடத்துக் கிராமமொன்றில் பிறந்து, அடுப்படி வேலையில் ஆரம்பித்து, 1938-ல் ராயப்பேட்டையில் 'உட்லண்ட்ஸ்' தொடங்கினார். 1962-ல் கதீட்ரல் சாலையில் வந்த டிரைவ்-இன் அவருடையதுதான். கார் வைத்திருப்பவருக்கென்று பேர்; உண்மையில் கார் இல்லாத பத்திரிகைக்காரர்களும் வேலை தேடும் பையன்களும் ஒரு காபியை வைத்துக்கொண்டு மத்தியானத்தை ஓட்டிய இடம். நானும் ஓட்டியிருக்கிறேன். 2008-ல் அதை மூடினார்கள். இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா.

ஆனால் 'உடுப்பி' என்ற சொல்லே முதலாளி இல்லாத ஒரு தொடர் ஓட்டல்தான் என்பது என் கட்சி. தம்பி, மைத்துனன், மாமன் பிள்ளை என்று ஒவ்வொருவராக ஊரிலிருந்து வந்து, வேறு வேறு பட்டணங்களில் அதே பலகையை மாட்டினார்கள். ஒருவருக்கும் மற்றவருக்கும் பாத்தியதை கிடையாது. ஆனாலும் பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தவனுக்கு, கிடைக்கப்போகும் ருசி இன்னதென்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரியாத ஊரில் இறங்கியவனுக்கு இது சின்ன ஆறுதல் அல்ல.

வாஸ்தவமான தொடர் ஓட்டல், அதுவும் மலிவானது, வேறு வழியாக வந்தது. உலகம் முழுவதும் வியாபாரம் படுத்துப்போன 1930-களில் காபிக்கொட்டைக்கு வெளிநாட்டில் கிராக்கி குறைந்தது. சரி, நம் ஜனங்களையே குடிக்க வைப்போம் என்று காபி செஸ் கமிட்டி 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் ஒரு காபி ஹவுஸைத் திறந்தது. பிறகு காபி போர்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டு பல பட்டணங்களில் கிளைகளை வைத்தது. காபியைப் பரப்ப வந்த கடை, காபியை விட அரட்டையைத்தான் அதிகம் பரப்பியது என்று சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் நடுவில் போர்டு கடைகளை மூட ஆரம்பித்ததும் ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏ. கே. கோபாலன் என்ற கம்யூனிஸ்டுத் தலைவர், "நீங்களே நடத்துங்கள்" என்றார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம். அக்டோபரில் தில்லியில் முதல் இந்தியன் காபி ஹவுஸ். அடுத்த வருஷம் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை. நேற்று வரையில் காபி கொண்டுவந்து வைத்தவன் இன்றைக்குப் பங்குதாரன். விசிறி மடிப்புத் தலைப்பாகையை மட்டும் அவர்கள் கழற்றவில்லை. கேரளத்துக் கிளைகளில் மசால் தோசைக்குள் பீட்ரூட் வைக்கிற வழக்கத்தையும் விடவில்லை. அந்தத் தோசையை நான் மன்னிக்கத் தயாராயில்லை. ஆனால் திருவனந்தபுரத்திலும் அதே தோசை, திருச்சூரிலும் அதே தோசை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் சொந்தக் கதை ஒன்று சொல்லியாக வேண்டும்.

1972-ல் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் எனக்கும் இன்னொருவனுக்கும் ஒரே நாளில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஒரே அறையில் இருந்தோம். நான் சாப்பிட்டது ஒரு சந்துக்குள் இருந்த மெஸ்ஸில். பெயர் வேண்டாம்; நடத்தியவர் இன்று இல்லை. அவரைப் போல ஒரு மனிதரைப் பார்ப்பது அரிது. மாசக் கடைசியில் பணம் கேட்கமாட்டார். "இருக்கட்டும் தம்பி, எங்கே ஓடிவிடப் போகிறாய்" என்பார். எனக்கு டைபாயிட் வந்து படுத்திருந்த மூன்று வாரமும் வேளை தவறாமல் கஞ்சியைத் தூக்கில் ஊற்றிப் பையனிடம் கொடுத்தனுப்பினார். கணக்கில் ஒரு காசு ஏற்றவில்லை. வியாழக்கிழமை அவர் வைக்கிற வத்தக்குழம்புக்காக லீவுக்கு ஊருக்குப் போவதை நான் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

அந்த வத்தக்குழம்பைச் சாப்பிட வைக்க வேண்டும் என்றுதான் நண்பனை ஒருநாள் அங்கே அழைத்துப் போனேன். இலை போட்டாயிற்று, தண்ணீரும் தெளித்தாயிற்று. பெரியவர் தாமே பரிமாற வந்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

நண்பன் விழுப்புரத்துப் பக்கம் ஒரு கிராமத்தைச் சொன்னான்.

"அடடே, நமக்குத் தெரிஞ்ச ஊருதான். அங்கே எந்தத் தெரு?"

நண்பன் பதில் சொல்லவில்லை. எழுந்து, இலையை மடித்து வைத்துவிட்டு, "வயிறு சரியாயில்லைங்க" என்று சொல்லி வெளியே போய்விட்டான். நானும் அவன் பின்னாலேயே எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. என்ன நடந்தது என்பதே எனக்குச் சரியாகப் புரியவில்லை என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். புரிந்துதான் இருந்தது. குழம்பும் இறங்கியது.

அன்று சாயங்காலம் நேரு வீதி காபி ஹவுஸில் அவனைப் பிடித்தேன். இரண்டு வேளையும் அங்கேயே ரொட்டியும் ஆம்லெட்டுமாக ஒப்பேற்றுகிறவன் அவன். "இங்கே என்னடா இருக்கிறது? பரிமாறுகிறவன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை" என்றேன். "அதுதான் வேண்டியிருக்கிறது" என்றான். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கஞ்சி கொடுத்தனுப்பியதும் தெருவைக் கேட்டதும் ஒரே மனிதர்தான். இவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொண்டதால்தான் எனக்குக் கஞ்சி வந்தது. முதலாளியின் அன்பில் நடக்கிற கடையில், அந்த அன்பு எங்கே போய் நிற்கும் என்பதும் முதலாளியின் இஷ்டம்.

பெரிய தொடர் ஓட்டலில் முதலாளியை யாருக்குத் தெரியும்? 1981-ல் பி. ராஜகோபால் கே. கே. நகரில் சரவண பவனைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் மளிகைக் கடைக்காரர். பிற்பாடு கிளைகள் கடல் தாண்டிப் போயின. அது அப்படியொன்றும் மலிவான இடமல்ல; ஆனாலும் நடுத்தரக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை போய், விலையை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டு தைரியமாக உட்காரக்கூடிய இடமாக இருந்தது. கொலை வழக்கில் அவருக்கு உயர் நீதிமன்றம் 2009-ல் ஆயுள் தண்டனை விதித்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது; அந்த ஜூலையிலேயே இறந்துபோனார். வழக்கு நடந்த வருஷங்களிலும் கிளைகளில் கூட்டம் குறைந்ததாக நான் பார்க்கவில்லை. சாம்பார் அதே சாம்பார். என் மெஸ் பெரியவருக்கு ஜுரம் வந்தால் அன்றைக்கு எங்கள் அத்தனை பேருக்கும் பட்டினி.

2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். சுமை தூக்குகிறவரும் ஆட்டோக்காரரும் ஆஸ்பத்திரிக்கு வந்த கிராமத்துக்காரரும் ஒரே மேஜையில் நின்று சாப்பிட்டார்கள். எங்கள் தெரு முனையில் இட்லி விற்ற ஆயாவுக்கு வியாபாரம் பாதியாயிற்று. "ஒத்த ரூபாய்க்கு இட்லி குடுத்தா என் கிட்ட எவன் வருவான்?" என்று திட்டித் தீர்ப்பாள். மத்தியானம் அவளுக்கும் தயிர் சாதம் அங்கேதான். கேட்டால், "வாங்கிச் சாப்பிட்டா என்ன தப்பு? நான் என்ன இனாமாவா கேக்கறேன்?" என்பாள்.

தங்கை பிள்ளைக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதலாம் என்று உட்கார்ந்ததில்தான் இது கட்டுரையாகிவிட்டது. எழுதி முடிப்பதற்குள், ஒரு கல்யாணத்துக்காகப் புதுச்சேரி போக நேர்ந்தது. நண்பன் ரிட்டயராகி அங்கேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். இருவரும் நேரு வீதியில் போய் உட்கார்ந்தோம். அவன் ஆம்லெட் சொன்னான். எனக்கு டாக்டர் அனுமதித்தது காபி மட்டும், அதுவும் சர்க்கரை இல்லாமல்.

அந்தச் சந்துக்குப் போய் வந்ததைச் சொன்னேன். மெஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை.

அவன் கொஞ்ச நேரம் ஆம்லெட்டை வெட்டிக்கொண்டே இருந்தான். பிறகு தலையை நிமிர்த்தாமல், "அந்த வத்தக்குழம்பு எப்படிடா இருக்கும்?" என்று கேட்டான்.

ரொம்ப நன்றாக இருக்கும் என்றேன்.