பருவம் மூடும் காலம்

உலகின் நன்னீர் ஏரிகளுள் பரப்பளவில் முதலிடம் பெறுவது வட அமெரிக்காவிலுள்ள சுப்பீரியர் ஏரி. ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் தமிழகத்தின் பரப்பில் பாதிக்கும் மேலாக விரிந்து கிடக்கும் அதனைக் குளிர்க்கடல் என்றே கூறலாம். இரும்புத் தாதும் தானியமும் சுமந்த பெருங்கப்பல்கள் அதில் ஓடுகின்றன. ஆனால் ஆண்டு முழுவதும் அல்ல. அவ்வேரியின் நீர் ஹியூரான் ஏரியை நோக்கி இறங்கும் இடத்தில், ஏறத்தாழ 21 அடி உயர வேறுபாட்டைக் கப்பல்கள் கடப்பதற்கெனக் கதவுகள் பொருத்திய வாய்க்கால் ஒன்று 1855-இல் திறக்கப்பட்டது. பின்னர் விரிவுபடுத்தப்பட்ட அந்நீர்வழி சனவரி 15-ஆம் நாள் மூடப்பட்டு மார்ச் 25-ஆம் நாள் திறக்கப்படுவது வழக்கம். இடைப்பட்ட பனிக்காலத்தில் கப்பல்கள் துறைகளில் கட்டப்பட்டுப் பழுது பார்க்கப்படும்.

பருவத்தின் இறுதிக் கிழமைகள் அஞ்சத்தக்கவை. 1975 நவம்பர் 10 அன்று 'எட்மண்ட் பிட்சசெரால்ட்' என்னும் தாதுக் கப்பல் அவ்வேரியின் புயலில் மூழ்கியது. அதிலிருந்த 29 பேரில் ஒருவரும் மீளவில்லை. டெட்ராய்ட் நகரின் மாலுமிகள் ஆலயத்தில் மணி 29 முறை ஒலித்தது.

எங்கோ இருக்கும் பனி ஏரியை, வெயில் காயும் பெரம்பலூர், அரியலூர் மண்ணிலிருந்து நாம் எண்ணிப் பார்ப்பது ஏன்? இயற்கை தன் வாயிலைச் சில காலம் மூடி வைக்கிறது. அக்காலத்தில் மனிதன் என்ன செய்கிறான் என்பதே அவனுடைய வரலாற்றின் பெரும்பகுதி. இவ்வுண்மைக்கு நம் மாவட்டங்களே சான்று பகர்கின்றன.

காற்று தந்த பாதை

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இன்று கடற்கரை இல்லை. ஆயினும் சாத்தனூரின் கல்மரமும், அரியலூரின் சுண்ணாம்புப் பாறைகளில் பதிந்துள்ள கடல்வாழ் உயிர்களின் சுவடுகளும், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்குக் கடல் இருந்ததைக் காட்டுகின்றன. கடல் பின்வாங்கி நெடுங்காலம் சென்றபின், கடலை ஆண்ட அரசு ஒன்று இம்மண்ணிலேயே தலைநகர் அமைத்தது. அதுவே முதலாம் இராசேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம்.

1025-ஆம் ஆண்டளவில் அம்மன்னனின் கப்பற்படை கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் தாக்கியதை அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமிதத்துடன் கூறுகிறது. எத்துணை வலிமை வாய்ந்த வேந்தனும் காற்றுக்கு ஆணையிட இயலாது. தென்மேற்குப் பருவக்காற்று கலங்களைக் கீழ்த்திசைக்குச் செலுத்தும். வடகிழக்குப் பருவக்காற்று அவற்றைத் தாயகம் சேர்க்கும். இடையே ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் சோழமண்டலக் கரையை மூடிவிடும். பிற்காலத்தில் இதனை மறந்தவர்களும் உண்டு. சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லபூர்தொனே உரிய நாளில் கரையை விட்டு அகலாமையால், 1746 அக்டோபரில் ஒரே இரவுப் புயலில் தம் கப்பல்கள் பலவற்றை இழந்தார்.

இத்தகைய எச்சரிக்கையை விவிலியத்திலும் காண்கிறோம். உரோமைக்குக் கைதியாகச் சென்ற பவுலடியார், கடற்பயணத்திற்குரிய காலம் கடந்துவிட்டதென்று கிரேத்துத் தீவில் எடுத்துரைத்தார். நூற்றுவர் தலைவனோ அவருக்குச் செவிசாய்க்காமல் கப்பலோட்டியையே நம்பினான். கப்பல் உடைந்தது, அதிலிருந்த 276 பேரும் உயிர் தப்பியது இறையருளால். மால்தாத் தீவில் மூன்று மாதம் குளிர்காலத்தைக் கழித்த பின்னரே அவர்கள் பயணம் தொடர்ந்தது.

காத்திருந்தவர்கள் செய்த பணி

காத்திருத்தல் சோம்பியிருத்தல் அன்று. சீனத் துறவி இ-சிங் 671-இல் இந்தியாவை நோக்கிக் கடல்வழி வந்தபோது ஸ்ரீவிசயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் கற்றார். புனித பிரான்சிஸ் சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று லிசுபன் நகரிலிருந்து புறப்பட்டார். அவருடைய கப்பல் பருவக்காற்றைத் தவறவிட்டு மொசாம்பிக்கில் ஏறத்தாழ ஆறு மாதம் தங்க நேர்ந்தது. அந்நாள்களில் அவர் நோயுற்றோருக்குப் பணிவிடை புரிந்தார். 1542 மே 6 அன்றுதான் கோவாவை அடைந்தார்.

இதே கடல்வழியில் வந்தவரே வீரமாமுனிவர். இத்தாலியின் மிகப்பெரிய ஏரியான கார்தாவுக்குத் தெற்கே, காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்தவர் அவர். ஆல்ப்சு மலையடியிலுள்ள அவ்வேரியில் காலையில் வடகாற்றும் பிற்பகலில் தென்காற்றும் வீசும். படகோட்டிகள் ஒன்றில் சென்று மற்றொன்றில் திரும்புவர். நம் கடலில் ஆண்டுக்கணக்கில் நிகழ்வது அங்கு ஒரே நாளில் நிகழ்கிறது! அத்தகைய நாட்டிலிருந்து 1710-இல் கோவாவை அடைந்து, பின் தமிழகம் வந்த முனிவர், கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். அவ்வூரைத் திருக்காவலூர் எனப் பாடினார். சுப்பீரியர் ஏரியின் வாயிலிலும் இயேசு சபைக் குருவான மார்க்கெத் அடிகளார் 1668-இல் பணித்தளம் நிறுவினார். அவ்வூரின் பெயரும் தூய மரியாவின் பெயரே. பனி ஏரியின் வாயிலும் கொள்ளிடக் கரையும் ஒரே அன்னையின் பெயரால் விளங்குவது நம் நெஞ்சைத் தொடுகிறது.

சோழகங்கத்தின் கதை

கங்கை வெற்றியின் நினைவாக இராசேந்திரன் தன் தலைநகரருகே வெட்டிய பேரேரி சோழகங்கம். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அதனை நீராலான வெற்றித்தூணாக வருணிக்கின்றன. கல்லில் தூண் நாட்டும் மன்னர் பலர். உழவனின் வயலுக்குப் பாயும் நீரில் தூண் நாட்டியவன் இவன்.

1855-இல் வெளிவந்த ஆங்கில விவரச்சுவடி ஒன்று அவ்வேரியின் நிலையை விரிவாகப் பதிவு செய்துள்ளது. தெற்கு வடக்காகச் செல்லும் கரையின் நீளம் 16 மைல். கொள்ளிடத்திலிருந்து நீர் கொணர்ந்த கால்வாயின் நீளம் 60 மைலுக்கு மேல். வடக்கே வெள்ளாற்றிலிருந்தும் ஒரு சிறு கால்வாய் வந்தது. ஆனால் அப்பொழுதே ஏரி பாழ்பட்டு, அதன் உட்பரப்பு அடர்ந்த காடாகியிருந்தது. படையெடுத்து வந்த பகைவர் வேண்டுமென்றே உடைத்தனர் என்பது செவிவழிச் செய்தி. சூ வாய்க்காலின் கதவுகள் திறந்த அதே ஆண்டில் நம் பேரேரியின் அழிவு அச்சேறியது எத்தகைய முரண்!

உடைத்தவன் பகைவனேயாயினும், மீண்டும் கட்டாமல் விட்டவர் யாவர் என்ற வினா எஞ்சி நிற்கிறது. நம் ஏரிகளுக்கும் மூடிய பருவம் உண்டு, அது கோடை. நீர் வற்றிய அந்நாள்களிலேதான் ஊரார் கூடித் தூர் வாரினர்; கரைக்கு மண்ணிட்டனர்; மதகைச் செப்பனிட்டனர். குடிமராமத்து என்னும் அப்பழைய வழக்கமே ஏரியின் உயிர்நாடி. குளிர்காலத்தில் கப்பலைப் பழுது பார்ப்பதும் கோடையில் ஏரியைத் தூர் வாருவதும் ஒரே அறிவின் இரு வடிவங்கள் அல்லவா? கூடிச் செய்யும் அக்கடமை நின்றபோது, பகைவர் எவரும் வாராமலேயே பல ஏரிகள் அழிந்தன. கங்கைகொண்ட சோழபுரத்துத் திருமதிலின் கற்களும் 1836-இல் கொள்ளிடத்தின் கீழணைக்கெனப் பெயர்த்துச் செல்லப்பட்டன. இன்று பொன்னேரி என வழங்கும் சோழகங்கம் பழைய பெருமையின் எச்சமாகவே எஞ்சியுள்ளது.

ஒரு வாயில் மூட, மற்றொன்று திறக்க

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, 2024 சனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மழை பெய்து ஏரி நிறைந்ததும் அங்கு வரும் பறவைகளுள் வரித்தலை வாத்தும் ஒன்று. திபெத்து, மங்கோலியா முதலிய நாடுகளின் உயர்ந்த ஏரிகள் பனியால் மூடும் வேளையில், அது இமயத்தைக் கடந்து தெற்கே வருகிறது. வடபுலத்து ஏரியின் வாயில் மூடுகையில் நம் ஏரியின் வாயில் திறக்கிறது. அந்த விருந்தினரை வரவேற்க நீர் வேண்டும். நீர் நிற்கக் கரை வேண்டும். கரை நிற்க, முந்திய கோடையில் உழைத்த கைகள் வேண்டும்.

மூடிய காலம் இறைவன் நமக்கு மறுத்த காலம் அன்று, ஒப்படைத்த காலம். நோயிலும், வேலையின்மையிலும், விடை கிடைக்காத மன்றாட்டிலும் நம் வாழ்வின் துறைகள் மூடுவதுண்டு. அப்போது காற்றை நொந்துகொண்டு கரையில் அமர்ந்திருப்பதா, பாயைத் தைப்பதா என்பது நம் கையிலுள்ளது. காற்று மாறும் நாளில் கலம் செப்பமாக இருத்தல் வேண்டும். மழை வரும் நாளில் ஏரி ஆழமாக இருத்தல் வேண்டும்.