வியன்னாவின் நிலவறை உணவகங்கள்

வியன்னாவின் பழைய நகரில் தெருவிலிருந்து படியிறங்கிச் சென்று சேரும் உணவகங்கள் ஒயின் கிடங்குகளாகத் தொடங்கியவை. இடைக்காலத்தில் நகரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. கோட்டை மதிலுக்குள்ளோ இடம் குறைவு. ஆகவே வணிகர்களும் துறவு மடங்களும் கட்டடங்களுக்கு அடியில் கல்லாலும் செங்கல்லாலும் வளைவுக் கூரை எழுப்பி நிலவறைகள் கட்டினர். சில வீடுகளில் இவை ஒன்றின்கீழ் ஒன்றாகப் பல அடுக்குகள் இறங்கின. ஒயின் கெடாமலிருக்க வேண்டிய குளிர்ச்சி மண்ணுக்கடியில் ஆண்டு முழுவதும் கிடைத்தது. மெல்க் போன்ற வெளியூர் மடங்கள் நகருக்குள் மனைகள் வாங்கி, தம் தோட்டத்து ஒயினை அங்கே சேர்த்து விற்றன.

1683-இல் ஒட்டோமான் படை ஜூலை முதல் செப்டம்பர் வரை வியன்னாவை முற்றுகையிட்டது. அப்போது நகரைக் காத்தவர்களுக்கு பழைய நகரிலுள்ள எஸ்டர்ஹாசி நிலவறையில் ஒயின் வழங்கப்பட்டதாக மரபுச் செய்தி உண்டு.

இந்த உணவகங்களின் பழக்கவழக்கங்கள் பலவும் புறநகர்த் திராட்சைத் தோட்டங்களிலிருந்து வந்தவை. தாம் விளைவித்த ஒயினையும் உணவுப் பொருள்களையும் எவரும் எக்காலத்திலும் விரும்பிய விலைக்கு விற்கலாம் என்று 1784-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஆணையிட்டார். கிரின்சிங் முதலிய ஊர்களில் விவசாயிகள் வாசலில் பசுங்கிளை கட்டி ஒயின் விற்றனர். புது ஒயினைக் குறிக்கும் ‘ஹொய்ரிகர்’ என்ற சொல்லே கடைக்கும் பெயரானது. அங்கே ஒயினை மட்டும் வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவைக் குடும்பத்தோடு உண்பது வழக்கமாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் நகர நிலவறைகள் குண்டுவீச்சுப் புகலிடங்களாயின. தப்பிச் செல்ல வசதியாகப் பல வீடுகளின் நிலவறைகள் சுவருடைத்து இணைக்கப்பட்டன. போருக்குப் பின் சில நிலவறைகள் ‘நகர ஹொய்ரிகர்’களாகத் திறக்கப்பட்டன. 1339-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே குறிப்பிடப்படும் ஒரு வீட்டின் அடியில் 1952-இல் தொடங்கிய ‘பன்னிரு அப்போஸ்தலர் நிலவறை’ அவற்றில் ஒன்று.

இத்தகைய நிலவறை உணவகங்களில் குடும்பங்கள் நீண்ட மரமேசைகளின் முன் பெஞ்சுகளில் அமர்ந்து உண்கின்றன. வாட்டிய பன்றி இறைச்சி, புளிக்கவைத்த முட்டைக்கோஸ், மாவு உருண்டை ஆகியவை முக்கிய உணவு. ரொட்டியில் தடவ ‘லிப்டவர்’ என்னும் மிளகாய்த்தூள் கலந்த பாலாடைக்கட்டி விழுது வரும். அதன் பெயர் இன்றைய ஸ்லோவாக்கியாவின் லிப்டோவ் வட்டாரத்திலிருந்து வந்தது. பெரியவர்களுக்குக் கால் லிட்டர் குவளையில் ஒயின் அல்லது சோடா கலந்த ஒயின், பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு. சில இடங்களில் வயலினும் கிதாரும் அக்கார்டியனும் சேர்ந்த ‘ஷ்ராமல்’ இசை ஒலிக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைப் புகழடையச் செய்த யோஹான், யோசெஃப் ஷ்ராமல் சகோதரர்களின் பெயரே அதற்கு நிலைத்தது.

தோட்டத்து ஹொய்ரிகர் சொந்த ஒயினைத்தான் விற்க வேண்டும். நிலவறை உணவகம் வணிக உரிமத்தில் நடப்பதால் பிறர் ஒயினையும் சுடச்சுடச் சமைத்த உணவையும் பரிமாறலாம். வியன்னாவின் ஹொய்ரிகர் பண்பாடு 2019-இல் ஆஸ்திரியாவின் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.