வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே: வட கோர்ன்வோல் சிறுதுறைகளின் கதை

துறைமுகம் என்றவுடன் எந்நேரமும் நீர் நிறைந்து நிற்கும் ஓர் இடமே நமது மனக்கண்ணில் தோன்றுகின்றது. கொழும்பும் திருகோணமலையும் நமக்குப் பழக்கப்படுத்திய தோற்றம் அது. ஆனால் நாளொன்றில் இருமுறை நீர் முற்றாக வடிந்து, கப்பல்கள் மணலிலும் சேற்றிலும் அமர்ந்துவிடுகின்ற துறைகளும் உலகில் உள்ளன. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், அத்திலாந்திக் சமுத்திரத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டு நிற்கும் வட கோர்ன்வோல் கரை அத்தகைய சிறுதுறைகளுக்குப் பெயர் பெற்றது. பியூட், பொஸ்காஸில், போர்ட் கவர்ன், போர்ட் ஐசாக், பட்ஸ்டோ என்பன அவற்றுட் சில. இத்துறைகள் எவ்வாறு வாழ்ந்தன, எதனால் அழிந்தன என்பதை அறிவது கடலோடு பிறந்த நமக்கும் பயன் தருவதாகும்.

முதலில் அக்கடலின் இயல்பைக் கூறவேண்டும். பட்ஸ்டோவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல்மட்டம் வற்றிலிருந்து பெருக்குக்கு ஆறரை மீற்றர் வரையில் உயர்கின்றது. அட்டமியை ஒட்டிய நாட்களில் இது மூன்று மீற்றரளவாகக் குறைந்துவிடும். யாழ்ப்பாணக் கரையில் இந்த வேறுபாடு எந்நாளும் ஒரு மீற்றரைக் கூட எட்டுவதில்லை. எனவே நமது கடலோடிகள் காற்றையும் நீரோட்டத்தையும் கவனித்த அளவுக்கு நீரின் ஏற்றத்தைக் கணக்கிட வேண்டியிருக்கவில்லை. கோர்ன்வோல் கடலோடிக்கோ அதுவே முதற் கணக்கு.

ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏறத்தாழ 12 மணியும் 25 நிமிடங்களும் செல்லும். சிறுதுறையொன்றினுள் நுழைவதற்கு நீர் போதியதாக இருப்பதோ, பெருக்கின் உச்சத்தை ஒட்டிய ஓரிரு மணி நேரம் மாத்திரமே. முந்தி வந்தால் வாயிலில் தரைதட்டும். பிந்தி வந்தால் அடுத்த பெருக்கு வரையில் வெளியே காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் பேராபத்து. அங்கு பெரும்பாலும் வீசுவது மேல்காற்று. அது கப்பலைக் கரையை நோக்கியே தள்ளும். கரையோ செங்குத்தான கற்பாறை. டெவன் மாவட்டத்தின் ஹார்ட்லண்ட் முனையிலிருந்து பட்ஸ்டோ வரையிலான ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தூரத்தில், எல்லாக் காலநிலைகளிலும் நுழையக்கூடிய புகலிடம் ஒன்றேனும் இல்லை. பட்ஸ்டோவின் வாயிலிலும் 'டூம் பார்' என்ற மணல்திட்டு குறுக்கே கிடக்கின்றது. முனையின் மறைவுக்குள் வந்ததும் பாய்களில் காற்று அற்றுப்போக, கப்பல்கள் அத்திட்டில் ஒதுங்கி உடைந்தன. அவ்வாறு அழிந்தவை நூற்றுக்கணக்கில் அடங்கும்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் மக்கள் ஏன் கடல்வழியை நாடினர்? தரைவழி அதைவிட மோசமாக இருந்தமையே காரணம். செங்குத்தான பள்ளத்தாக்குகளும் சேறான பாதைகளும் நிறைந்த அந்நிலத்தில் பாரமான பொருட்களை வண்டியிலும் பொதிக் கழுதையிலும் நெடுந்தூரம் கொண்டுசெல்ல இயலவில்லை. தென் வேல்ஸிலிருந்து நிலக்கரியும் சுண்ணக்கல்லும் கடலாலேயே வந்தன; டெலபோல் சுரங்கத்தின் சிலேற்றுக் கற்கள் கடலாலேயே வெளியேறின.

பொஸ்காஸில் இதற்குச் சிறந்த உதாரணம். இரு குன்றுகளுக்கு இடையே பாம்பைப் போல வளைந்து செல்லும் ஒடுங்கிய நீர்வழி அது. அதன் உள்ளணையை 1584ஆம் ஆண்டில் சேர் றிச்சர்ட் கிறென்வில் புதுப்பித்துக் கட்டினார். ஏழு ஆண்டுகளின் பின்னர், 1591இல், 'றிவெஞ்ச்' என்ற தனியொரு கப்பலுடன் ஸ்பானிய கடற்படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டவர் அவரே. வரலாற்று நூல்கள் அவரது போரைப் பேசுகின்றன. அவர் கட்டிய அணையோ மூன்று நூற்றாண்டுகளாக ஒரு பிரதேசத்துக்கு அடுப்பெரிக்க நிலக்கரியும் வயலுக்குச் சுண்ணாம்பும் வந்திறங்க உதவியது.

அந்த வளைவுக்குள் பாய் விரித்து நுழைய எந்தக் கப்பலாலும் முடியாது. ஆகவே 'ஹொப்ளர்' எனப்பட்ட உள்ளூர் மனிதர் எட்டுத் துடுப்புகள் கொண்ட படகில் வெளியே சென்று, கப்பலைக் கட்டி இழுத்து வருவர். இரு கரைகளிலும் வேறு மனிதர் வடங்களைப் பிடித்து நின்று, அலையின் வீச்சில் கப்பல் ஒரு பக்கப் பாறையில் மோதாதவாறு தளர்த்தியும் இறுக்கியும் வழிநடத்துவர். ஒருவருடைய பிடி பிசகினாலும் எல்லோருடைய உழைப்பும் வீண். உள்ளே வந்தபின் நீர் வடியும். கப்பல் தரையில் அமரும். அதற்கென்றே தட்டையான அடிப்பாகத்துடன் கட்டப்பட்ட சிறிய பாய்க்கப்பல்கள் அவை. இவ்வகைக் கப்பல்களைத் திறந்த கடற்கரைகளிலேயே பெருக்கில் கொண்டுவந்து ஏற்றிவிட்டு, வற்றியதும் குதிரை வண்டிகளை அருகே விட்டுச் சரக்கை இறக்கி, அடுத்த பெருக்கில் மிதக்கச் செய்வதும் உண்டு. இடையிற் கடல் குமுறினால் கப்பல் அங்கேயே சிதறும்.

போர்ட் கவர்ன் என்ற சிறு குடாவில் சிலேற்றுக் கற்களைக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கியோர் பெண்கள். கல் உடையாமல், பயணத்தில் நகராமல் அடுக்குவது தனியான ஒரு கைத்திறன். கப்பற் தலைவர்களின் பெயர்கள் பதிவேடுகளில் உள்ளன. அடுக்கிய பெண்களின் பெயர்களைத் தேடுவது கடினம்.

பியூட்டில் கதை வேறு. அக்கரையின் மணலில் சிப்பி ஓடுகளின் சுண்ணாம்பு மிகுதி. உள்நாட்டின் புளித்த மண்ணுக்கு அது உரம். அம்மணலை ஏற்றிச் செல்லவே 1819இல் தொடங்கி 1823இல் திறக்கப்பட்ட கால்வாயொன்று வெட்டப்பட்டது. அது கடலுடன் சேருமிடத்தில் அமைந்த பெரிய மதகுக் கதவுகள், பெருக்கின்போது கப்பல்களை உள்ளே எடுத்து, வற்றிலும் மிதந்து நிற்கச் செய்தன. பியூட்டின் பெயருடன் இணைந்த 'சீரிஸ்' என்ற கப்பல் 1811இல் கட்டப்பட்டு, 1936இல் மூழ்கும் வரை 125 ஆண்டுகள் கடலோடியது. நெப்போலியன் காலத்து மரக்கலம் ஒன்று இரண்டாம் உலகப் போரின் வாசல் வரை உழைத்தமை வியப்புக்குரியது.

இவ்வணிகத்தின் விலையை அறிய மோர்வின்ஸ்டோ என்ற ஊரின் தேவாலய முற்றத்துக்குச் செல்லவேண்டும். 1808ஆம் ஆண்டு வரை, கரையொதுங்கிய சடலங்களைத் தேவாலய நிலத்தில் அடக்கம் செய்யவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இருக்கவில்லை. பெரும்பாலும் கடற்கரையிலேயே சடங்கின்றிப் புதைத்தனர். 1807இல் 'அன்சன்' என்ற போர்க்கப்பல் தென் கோர்ன்வோலில் உடைந்தபோது இறந்தோர் அவ்வாறு புதைக்கப்பட்டமை மனச்சாட்சிகளை உறுத்தியது. மறு ஆண்டு சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னரும் அதை மனமுவந்து செய்ய ஒருவர் வேண்டுமே! மோர்வின்ஸ்டோவின் மதகுருவாக 1875 வரை நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய றொபேர்ட் ஸ்ரீபன் ஹோக்கர் அத்தகையவர். பாறைகளிடையே சிதைந்து கிடந்த உடல்களைத் தேடி எடுப்பித்து, முழுச் சடங்குகளுடன் அடக்கம் செய்தார். 1842இல் ஸ்கொட்லாந்தின் ஆர்புரோத் துறையைச் சேர்ந்த 'கலிடோனியா' உடைந்து ஒருவரைத் தவிர அனைவரும் மாண்டபோது, அக்கப்பலின் முகப்புச் சிலையே அவர்களது கல்லறை அடையாளமாயிற்று.

எனினும் இத்துறைகளை மூடியது கடல் அன்று. புகையிரதம் 1893இல் கமல்போர்ட்டையும் டெலபோலையும் அடைந்தது. 1898இல் பியூட்டை அடைந்தது. 1899இல் பட்ஸ்டோவை அடைந்தது. சுரங்கத்தின் வாசலிலேயே கற்களை ஏற்றிவிடும் வசதி வந்தபின் போர்ட் கவர்னுக்கு வேலை இல்லை. புகையிரதம் நிலக்கரியுடன் வரும்போது பொஸ்காஸிலின் எட்டுத் துடுப்புகளுக்கும் வேலை இல்லை. முந்நூறு ஆண்டுப் புயல்களால் முடியாததை ஒரு தலைமுறைக்குள் இருப்புப்பாதை செய்து முடித்தது.

இதில் ஒரு முரண் உண்டு. அத்துறைகளை வென்ற அதே புகையிரதப் பாதைகள் இலாபமில்லை எனக் காரணம் காட்டி 1966இலும் 1967இன் தொடக்கத்திலும் மூடப்பட்டன. பாதை போயிற்று, ஆனால் துறைகளுக்கு வணிகம் திரும்பவில்லை. அணையை மீண்டும் கட்டிவிடலாம். பொஸ்காஸிலில் 1941இல் மிதந்துவந்த கண்ணிவெடியால் தகர்ந்த வெளியணை 1962இல் திருப்பிக் கட்டப்பட்டதுதான். வடம் பிடிக்கும் கைகளின் ஒத்திசைவை அவ்வாறு கட்ட முடியாது. 2004 ஓகஸ்ட் 16ஆம் திகதி அவ்வூரை அடித்துச் சென்ற வெள்ளமும் கடலிலிருந்து வரவில்லை. பின்புறத்து மேட்டுநிலத்தில் பெய்த மழையிலிருந்து வந்தது. ஹெலிகொப்டர்கள் சுமார் நூறு பேரை மீட்டமையால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

இன்று அத்துறைகளுக்குள் உல்லாசப் படகுகள் வருகின்றன. இரட்டை அடிக்கட்டை பூட்டிய படகுகள் வற்றில் சாயாமல் தரையில் அமர்கின்றன. இயந்திரமும் செய்மதி வழிகாட்டியும் உள்ளன. ஆயினும் அமைதியான நாளைத் தெரிவுசெய்து, பெருக்கின் நேரத்தைக் கணித்து, வெளிநீரின் எழுச்சி தணிந்துள்ளதா எனப் பார்த்தே நுழையவேண்டும். அந்தக் கணக்கை எந்த இயந்திரமும் தள்ளுபடி செய்துவிடவில்லை.

நமது வடகரை இதற்கு மாறானது. அங்கே வற்றுப்பெருக்கு இல்லையென்றே கூறலாம். முருகைக்கல் திட்டும், வாடைக் காற்றின் பருவமும் கடலோடியின் நாளேட்டை வகுத்தன. ஆயினும் ஒப்புமை ஆழமானது. பருத்தித்துறையும் வல்வெட்டித்துறையும் இதே போன்று சிறிய, திறந்த துறைகள். உள்ளூர் மனிதரின் கூட்டறிவால் மாத்திரமே துறைகளாக இருந்தவை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி', அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, அவ்வூர் மாலுமிகளால் செலுத்தப்பட்டு, 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அந்த ஒரு பயணத்தை நாம் பெருமையுடன் நினைவுகூருகின்றோம். அது தகும். ஆனால் சாதாரண நாட்களில் தண்டையல் எந்த அடையாளத்தை நோக்கிக் கப்பலைத் திருப்பினார், எந்த வாய்க்காலால் வள்ளங்கள் சரக்கை இறக்கின, வாடை தொடங்குமுன் கலங்களை எங்கே ஒதுக்கினர் என்பவற்றை எத்தனை பேர் எழுதிவைத்தோம்?

கோர்ன்வோலில் ஊருக்கு ஊர் சிறு நூலொன்றேனும் உண்டு, அருங்காட்சியகம் உண்டு, கதவுகளும் அணைகளும் பேணப்படுகின்றன. அவர்களிடமே அடுக்கிய பெண்களின் பெயர்கள் தவறிப்போயின என்றால், போரும் இடப்பெயர்வும் கண்ட நமது கரைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் தொராண்டோவிலும் லண்டனிலும் வடமராட்சியிலும் அக்கப்பல்களில் சென்றோரின் பிள்ளைகள் வாழ்கின்றனர். தந்தையர் வாயால் கேட்டவற்றை அவர்கள் இப்பொழுதே எழுதிவைத்தல் வேண்டும். பெருக்கு திரும்பத் திரும்ப வரும். அத்தலைமுறை திரும்ப வராது.