இரவல் கோட்டில் ஒரு படம்

எங்கள் பாடசாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பும் நேரம் இது. தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவன் மட்டும் இன்னும் படம் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஸ்டூடியோவில கோட் தருவாங்களா சேர்? என்கிட்ட ஸ்கூல் சேர்ட் மட்டும்தான் இருக்கு" என்றான். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சுவரிலிருக்கும் மூத்தவாப்பாவின் படத்தைப் பார்த்த பிறகுதான், சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

அந்தப் படத்தில் அவர் போட்டிருக்கும் கோட்டும் அவருடையதில்லை. கொழும்பு ஸ்டூடியோ ஒன்றின் கோட். கை விரல்வரை இறங்கி நிற்கிறது. கீழே சாரமும் வெறுங்காலும்தான் என்று வாப்பா சொல்லிச் சிரிப்பார். படம் இடுப்போடு நின்றதால் தப்பித்தார். அவருக்குச் சொந்தமானது தலையிலிருந்த துருக்கித் தொப்பி மட்டும். அது நசுங்காமல் இருக்க, எஹலியகொடயிலிருந்து அந்தக் காலத்துச் சின்ன ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே போனாராம்.

அந்தத் தொப்பிக்கு ஒரு வரலாறு உண்டு. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா 1883 ஜனவரியில் கொழும்பில் வந்து இறங்கினார். 1901வரை இங்கேதான் இருந்தார். அவரையும் அவருடைய தோழர்களையும் பார்த்துத்தான் நம் ஆண்களிடையே இந்தத் தொப்பி பெருமளவில் பரவியது. 1905இல் எம்.சி. அப்துல் காதர் என்ற சட்டத்தரணி அதே தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் நின்றபோது, நீதியரசர் அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது. கடைசியில் தொப்பிக்கு இடம் கிடைத்தது. அதற்குப் பிந்திய தலைமுறை ஆண்கள் படம் எடுக்கப் போகும்போது வேறு எதை மறந்தாலும் தொப்பியை மறக்காததில் ஆச்சரியமில்லை.

பழைய படங்களில் அந்தத் தொப்பி கறுப்பாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். உண்மையில் அது சிவப்பு. அன்றைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை நன்றாகவும் சிவப்பை மிகக் குறைவாகவும் பிடித்தன. அதனால் சிவப்பு கறுத்தது, நம் மாநிறமும் கறுத்தது, வெள்ளைச் சட்டையோ சுண்ணாம்பு போல வெளுத்தது. முகத்தில் அப்பிய பவுடருக்கு வெறும் பகட்டு மட்டும் காரணமில்லை. இன்னும் பழைய காலத்தில் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே இருக்க யாரால் முடியும்?

இதெல்லாம் காசு கொடுத்து, தாங்களாக விரும்பிப் படம் எடுத்துக்கொண்டவர்களின் கதை. பிளாட்டே என்ற புகழ்பெற்ற ஸ்டூடியோ கொழும்பில் 1890இல் தொடங்கியது. தோட்ட மக்களின் கதை வேறு. ஆங்கிலேயப் பெண் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவர்தான் நாம் பாடத்தில் படிப்பிக்கும் கோல்புறூக் – கெமரன் ஆணைக்குழுவின் கெமரன். இங்கே கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்தார். அந்த அம்மையார் 1879இல் இங்கேயே இறந்தார், அடக்கம் செய்யப்பட்டது பொகவந்தலாவையில். தோட்டத் தொழிலாளரை அவர் எடுத்த படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றில் நிற்பவர்களின் பெயர்கள் இல்லை. முகம் கழுவிவிட்டு வருகிறோம், நல்ல உடுப்பு உடுத்தி வருகிறோம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த மக்களில் பலர் தாங்களாகவே தலை வாரிக் கமராவுக்கு முன் உட்கார்ந்தது, ஒரு கடதாசி கேட்டபோதுதான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கு போட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதிப் பேரைப் பிறகு பார்ப்போம் என்று. போகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு, அதற்குப் படம். எங்கள் சப்ரகமுவ றப்பர் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அண்ணன் போக, தம்பி நின்றுவிட்ட வீடுகள் உண்டு. அப்படியொரு வீட்டில், கடவுச்சீட்டுக்காக எடுத்ததன் மேலதிகப் பிரதி ஒன்றைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கழுத்துவரை பூட்டிய பொத்தான். அந்த மனிதரின் வேறு படம் அந்த வீட்டில் இல்லை.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இல் அடையாள அட்டை வந்தது. அதன் பிறகு எல்லாருக்கும் முகம் காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. கிராமத்தில் கிராம சேவகர் உறுதிப்படுத்துவார், தோட்டத்தில் துரை, பாடசாலையில் அதிபர். இப்போது படமும் சர்வதேச அளவுப்படி இருக்க வேண்டும். வாய் மூடி, நேரே பார்த்து, சிரிக்காமல்.

ஆகவே அந்த மாணவனுக்கும் மற்றப் பையன்களுக்கும் சொல்வது: கோட் வேண்டாம். கொலர் வைத்த, கோடு, பூ, எழுத்து எதுவும் இல்லாத கடும் நிறச் சேர்ட் போதும். வெளிர்ப் பின்னணியில் வெள்ளை கரைந்துபோகும். தலைமயிரை இரண்டு மூன்று நாள் முந்தியே வெட்டுங்கள், வெட்டிய அன்று காதோரம் வெளிறித் தெரியும். முகத்தில் எண்ணெய் பளபளத்தால் துடைத்துவிட்டு உட்காருங்கள். பவுடர் அப்ப வேண்டாம், அந்தக் காலம் போய்விட்டது.

என் மகனின் கருநீலச் சேர்ட் ஒன்று அவனுக்கு அளவாக இருக்கும். இன்னும் மூன்று பிள்ளைகளுக்குத் தேவை. வீட்டில் இருப்பவர்கள் கழுவி, அயன் பண்ணி, வெள்ளிக்கிழமைக்கு முன் என்னிடம் தந்தால் போதும். யாருடையது என்று நான் சொல்லமாட்டேன்.